கல்லில் காரணமும் வேண்டும்

தீயணைப்பு வீரருக்குச் சிலை எதற்கு, அந்தப் பணத்தில் கருவி வாங்கலாமே என்போர் உண்டு. கருவி தருவது அரசின் கடமை, நன்கொடையன்று. அதைக் காட்டி நினைவை மறுப்பது, கூலி கொடுத்தாயிற்று, நன்றி எதற்கு என்று கேட்பதை ஒக்கும்.

ஆயினும், சிலை கேட்போரோடும் எனக்கு வழக்குண்டு. தலைக்கவசம், கையில் நீர்க்குழாய், பீடத்தில் ‘தியாகம்’ என்றொரு சொல். பெயரற்ற அவ்வுருவம் எவரையும் உறுத்தாது. உறுத்தாத நினைவுச்சின்னம் பூங்காவுக்கு அலங்காரம் மட்டுமே.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் ஃபோர்ட் ஸ்டைகீன் கப்பல் வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டனர். அந்நாளையே தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பஞ்சுப்பொதிகளையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றிய செய்தியை எத்தனை மேடைகள் சொல்கின்றன? நினைவுச்சின்னமோ பைகுல்லாவில், தீயணைப்புத் தலைமையக வளாகத்துக்குள் நிற்கிறது. வீரரே வீரரை வணங்கிக்கொள்கின்றனர்.

‘தீ விபத்து’ என்னும் தொடரை நோக்குக. அதில் எழுவாய்க்கு இடமே இல்லை. தீ தானே வந்தது, வீரர் தாமே இறந்தார் என்று அது நம்மை ஆற்றுப்படுத்திவிடுகிறது. 2020 தீபாவளியன்று மதுரையில் துணிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற இருவர் மீது கட்டடம் இடிந்து விழுந்தது. அதையும் விபத்து என்றே எழுதி முடித்தோம்.

நம் முன்னோர் இவ்வாறு எழுதவில்லை. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களைப் படியுங்கள். மன்னனின் ஆட்சியாண்டு உண்டு. மாண்டவன் பெயர் உண்டு. ஆநிரையைக் கவர்ந்தவர் யார் என்பதும் பல கற்களில் உண்டு. வீரத்தைப் போற்றிய கல்லே வழக்கின் சாட்சியாகவும் நின்றது.

நான் வாழும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கிரீன் பார்க் தொலைவில்லை. அங்கே உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் மாண்டனர். கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. அவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். ஆனால் அத்தகைய அடைப்புக்குள்தான் ஒவ்வொரு முறையும் தீயணைப்பு வீரர் நுழைகிறார்.

ஆகவே கல் நடுங்கள். நிலைய வளாகத்துக்குள் அன்று, குழந்தைகள் விளையாடும் பூங்காவில், சந்தை கூடும் முச்சந்தியில். மாண்டவர் பெயரைப் பொறியுங்கள். எந்தக் கதவு பூட்டியிருந்தது, எந்தப் படிக்கட்டில் சரக்கு அடுக்கியிருந்தது, அதற்கு அனுமதி தந்தது எந்த அலுவலகம் என்பதையும் கீழே செதுக்குங்கள். அதைச் செதுக்க அஞ்சுவோர்க்கு மாலையிடும் உரிமையும் இல்லை.