பசியில்லாத மீனுக்கு ஒரு தூண்டில்

அக்டோபர் மாதத்தின் கடைசி நாட்கள். இங்கிலாந்தின் வடகோடியில், ஹெக்ஸம் என்ற சிறு நகரத்தை ஒட்டி ஓடும் டைன் நதியில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். மார்பு வரை எட்டும் ரப்பர் கால்சட்டை. கையில் 15 அடி நீளத் தூண்டில் கோல். கை வைத்தால் விரல் விறைத்துப்போகும் குளிர். இரு கைகளாலும் கோலைச் சுழற்றி இழையை ஆற்றின் குறுக்கே வீசுகிறார். அது நீரோட்டத்தில் வளைந்து, மெல்லக் கரைப்பக்கம் வந்து சேர்கிறது. ஒன்றுமில்லை. ஆற்றின் போக்கில் இரண்டடி நகர்கிறார். மீண்டும் ஒரு வீச்சு. காலையில் இறங்கியவர் பொழுது மங்கும் வரை இதையேதான் செய்வார். பெரும்பாலும் வெறும் கையோடு வீடு திரும்புவார். மீன் சிக்கினாலும் அநேகமாக வெறும் கைதான். பிடித்த மீனை அவர் ஆற்றிலேயே விட்டுவிடுவார்.

கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். கொக்காவது பசிக்காக நிற்கிறது. இங்கே பிடிப்பவருக்கும் பசி இல்லை. வேடிக்கை என்னவென்றால், பிடிபடும் மீனுக்கும் பசி இல்லை.

அட்லாண்டிக் சால்மனின் வாழ்க்கை விசித்திரமானது. ஆற்றின் மேல்பகுதியில், கூழாங்கற்களுக்கு அடியில் பிறக்கிறது. ஓரிரு ஆண்டுகள் விரல் நீளக் குஞ்சாக அங்கேயே வளர்கிறது. பிறகு ஒரு வசந்தகாலத்தில் உடல் வெள்ளியாக மாறி, உப்பு நீரைத் தாங்கும் சக்தி பெற்று, கடலுக்குக் கிளம்புகிறது. கிரீன்லாந்து வரைகூடப் போய் மேய்ந்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பல கிலோ எடையுள்ள மீனாகத் திரும்புகிறது. ஏதோ ஓர் ஆற்றுக்கு அல்ல, பிறந்த அதே ஆற்றுக்கு. சொந்த ஆற்று நீரின் வாசனையை வைத்துத்தான் அது கடைசிக் கட்ட வழியைக் கண்டுபிடிக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

நன்னீரில் நுழைந்ததும் அது சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. இரைப்பை சுருங்கிவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் முட்டையிடும் வரை, சில மீன்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே, கடலில் சேர்த்த கொழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன. அப்படியானால் தூண்டிலை ஏன் கவ்வுகிறது? கடலில் இரை பிடித்த பழக்கம் என்கிறார் ஒருவர். தன் இடத்தில் எதுவோ வந்து ஆடுகிறதே என்ற எரிச்சல் என்கிறார் இன்னொருவர். வெறும் ஆர்வக் கோளாறு என்பது மூன்றாவது கட்சி. கை இல்லாத மீன் ஒரு பொருளை என்னவென்று பார்க்க வாயைத்தானே பயன்படுத்த வேண்டும்? விவாதம் தலைமுறைகளாக நடக்கிறது. மீன் வாய் திறப்பதாக இல்லை.

தூண்டில் முள்ளில் புழு கிடையாது. 'ஈ' என்று ஒன்றைக் கட்டுகிறார்கள். ஈ என்பது பெயர்தான், ஈயின் சாயல் அதில் மருந்துக்கும் கிடையாது. விலங்கு ரோமம், இறகு, ஜிகினா இழை இவற்றை முள்ளின்மீது நூலால் சுற்றிச் செய்த, கடல் இறால் போலவோ குட்டி மீன் போலவோ தண்ணீரில் அலையும் ஒரு மாயப் பொருள். கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு ரோமம் கலந்த ஒன்றுக்கு 'வில்லி கன்' என்று பெயர். ஸ்காட்லாந்தில் ஒரு எஸ்டேட் காவலராக இருந்தவரின் பெயர் அது. இலையுதிர்காலம் என்றால் ஆரஞ்சும் சிவப்பும்தான் எடுபடும் என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு.

இந்த ஈயில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. விக்டோரியா காலத்து சால்மன் ஈக்கள் சாம்ராஜ்யத்தின் எல்லாக் காடுகளிலிருந்தும் பறவைகளின் இறகுகளைக் கேட்டன. அவற்றில் மிக முக்கியமானது, மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு. மெழுகுச் சொட்டு விழுந்தது போன்ற அதன் பளபளப்பான மஞ்சள் வெள்ளைப் புள்ளிகளை வைத்து ஈக்குக் கண் எழுதினார்கள். இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று கிடைப்பவை அங்கேயே கூண்டில் வளர்க்கப்படும் சேவல்களின் இறகுகள். இறகு மோகம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2009இல் ஒரு சாட்சி கிடைத்தது. டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் 299 பறவைத் தோல்கள் திருடு போயின. திருடியவர், பழைய பாணி ஈக்கள் கட்டுவதில் பெயர் பெற்றிருந்த ஓர் இளம் புல்லாங்குழல் கலைஞர்.

சரி, டைன் நதிக்கு வருவோம். பென்னைன் மலைகளிலிருந்து தெற்கு டைனும், ஸ்காட்லாந்து எல்லை ஓரத்திலிருந்து வடக்கு டைனும் வந்து ஹெக்ஸமுக்குச் சற்று மேலே கூடுகின்றன. அங்கிருந்து கிழக்கே நியூகாசில் வழியாக வடகடல். இந்த மலைகளில் மழை பெய்தால் ஆறு சட்டென்று ஏறிவிடும். பாசிப்படிவ நிலங்களிலிருந்து இறங்கும் நீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். கழிமுகத்தில் காத்திருக்கும் சால்மன்களுக்கு இந்தப் புதுவெள்ளம்தான் அழைப்பு. வெள்ளம் வடிந்து தெளியத் தொடங்கும் ஓரிரு நாட்கள்தான் தூண்டில்காரருக்கு முகூர்த்தம். அதிலும் ஒரு தொல்லை: கரை மரங்கள் அப்போதுதான் இலைகளைக் கொட்டும். கோல் வளைகிறதே என்று நெஞ்சு துடித்தால், முள்ளில் மாட்டியிருப்பது பழுத்த இலையாக இருக்கும்.

இன்று இங்கிலாந்தின் சிறந்த சால்மன் நதிகளில் ஒன்று இது. ஆனால் 1959ஆம் ஆண்டில் டைன் நதியில் தூண்டிலில் பிடிபட்டதாகப் பதிவான சால்மன்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று தமிழர் சொல்வதை ஆங்கிலேயர் 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பார்கள். நிலக்கரி, கப்பல் கட்டும் தளங்கள், தொழிற்சாலைகள், அவற்றை நம்பி வாழ்ந்த லட்சக்கணக்கான மக்கள். இத்தனை பேரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் சுத்திகரிக்கப்படாமல் கழிமுகத்தில் நேராகக் கலந்தன. கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்று தீர்த்தன. ஆறு மெலியும் கோடையில் கழிமுகத்தில் பிராணவாயுவே இல்லாத நீர், ஒரு சுவர்போல நின்றது. மேலே மலையோடையில் தண்ணீர் பளிங்காக இருந்தது. பயன்? கடலிலிருந்து வரும் மீனும் கடலுக்குப் போகும் குஞ்சும் அந்தச் சுவரைத் தாண்டியாக வேண்டும். வாசல் அடைபட்ட வீட்டில் கூடம் சுத்தமாக இருந்து என்ன?

வாசலைத் திறந்தது சாக்கடைத் திட்டம்தான். 1970களில் ஆற்றின் இருகரை நெடுகிலும் கழிவை இடைமறித்துக் கொண்டுபோகும் பெருங்குழாய்களைப் பதிக்கத் தொடங்கினார்கள். 1980இல் ஹவ்டன் சுத்திகரிப்பு நிலையம் வேலையைத் தொடங்கியது. பழைய ஆலைகள் பல மூடப்பட்டதும் ஆற்றுக்குச் சாதகமாயிற்று. ஊருக்கு அது வேலை இழப்பு. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. சால்மன் மெல்லத் திரும்பியது. 2000களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தூண்டிலில் சிக்கியது.

புகழில் பங்கு கேட்க இன்னொருவரும் உண்டு. வடக்கு டைனின் தலைப்பகுதியில் கட்டி, 1982இல் ராணி எலிசபெத் திறந்துவைத்த கீல்டர் அணை, மேலேயுள்ள முட்டையிடும் இடங்களை மீன்களுக்கு எட்டாமல் செய்துவிட்டது. அதற்கு ஈடாக அமைந்தது கீல்டர் மீன்குஞ்சுப் பொரிப்பகம். பல ஆண்டுகள் குஞ்சுகளை ஆற்றில் விட்டுவந்தார்கள். நதியைப் பிழைக்கவைத்தது பொரிப்பகம்தான் என்று உள்ளூரில் பலர் நம்புகிறார்கள். மீட்சியின் பெரும்பங்கு கழிமுகம் சுத்தமானதற்கே உரியது என்பது ஆய்வுகளின் முடிவு. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டியதில்லை. அது மூச்சுவிடத் தண்ணீரை விட்டுவைத்தால் போதும்.

இந்தக் கதையில் தூண்டில்காரர்களின் இடம் என்ன?

சால்மன் தூண்டில் பிரபுக்களின் விளையாட்டு என்ற பெயர் நெடுங்காலமாக உண்டு. காரணம் சட்டம். இங்கிலாந்தில் கடல் ஏற்றம் எட்டாத ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை கரை நிலத்துக்காரருடையது. அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம். நல்ல கரையில் அக்டோபர் வாரம் என்றால் விலை உச்சத்தில் நிற்கும். ஆனால் வடக்கில் இந்தப் பித்து சுரங்கத் தொழிலாளர் வீடுகளிலும் இருந்தது. 1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து கால்பந்து அணியின் ஜாக் சார்ல்டன், ஆஷிங்டன் சுரங்கத் தொழிலாளியின் மகன். பெரிய தூண்டில் பைத்தியம். பிரபுவிடமிருந்து கரையைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்த உள்ளூர்ச் சங்கங்கள் பல.

நியாயமில்லாததாகத் தோன்றும் இந்த உரிமைதான் ஆறுகளுக்குக் கவசமாகவும் ஆயிற்று. உரிமை சொத்து என்றால், அதைக் கெடுப்பவர்மீது வழக்குப் போடலாமே? 1948இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் இதற்கென்றே தூண்டில்காரர்களின் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் டர்வென்ட் ஆற்றைக் கெடுத்ததற்காக டார்பி நகரின் தூண்டில் சங்கம் ஒன்று செயற்கை இழை ஆலை, மின்வாரியம், நகரசபை மூன்றையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. அங்கே சால்மன் இல்லை, சாதாரண ஆற்று மீன்தான். எதிராளிகள் மலை, சங்கம் மடு. மேல்முறையீட்டிலும் வென்றது சங்கம்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆற்றுக்காகப் பேச அரசு தயங்கிய காலத்தில், ஆற்றில் ஒரு பிடி உரிமை வைத்திருந்தவர்கள் பேசினார்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நீதி கிடைக்கவில்லை. வடகிழக்குக் கடலோரத்தில் மிதவை வலை வீசி சால்மன் பிடித்த மீனவர்கள் இருந்தார்கள். வலைகளைப் படிப்படியாக ஒழிப்பது என்று 1990களின் தொடக்கத்தில் அரசு முடிவெடுத்தது. 2003இல் பெரும்பாலானோர் இழப்பீடு பெற்று உரிமத்தை ஒப்படைத்தனர். 2019 முதல் சால்மனுக்கான மிதவை வலை அறவே நின்றது. மீனைக் காக்க அது தேவைதான். ஆனாலும் வயிற்றுக்காகப் பிடித்தவர் கரையேறிவிட்டார், பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர் ஆற்றில் நிற்கிறார் என்ற கசப்பு மீனவக் குடும்பங்களில் இருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பொழுதுபோக்கும் இன்று குற்ற உணர்வோடுதான் நடக்கிறது. ஜூன் 16க்கு முன் பிடிபடும் சால்மனை விட்டுவிட வேண்டும் என்பது 1999 முதல் சட்டம். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பதும் 2009 முதல் குற்றம். மற்ற மாதங்களிலும் பெரும்பாலானவர்கள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிடிபடும் சால்மன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆற்றுக்கே திரும்புகின்றன. விட்டுவிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கியிருக்க வேண்டும். மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்கக் கூடாது. ஈரக் கையால் நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, மூச்சு சீராகி அதுவே உதறிக்கொண்டு போகும்வரை பொறுக்க வேண்டும். நீளத்தைக் கணித்து, ஆண்டு இறுதியில் அரசுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுமே பிடிக்காவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியை அவர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அட்சரம் பிசகாமல் செய்கிறார்கள்.

விட்டுவிடப் போகும் மீனை எதற்காக முள்ளில் மாட்ட வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மீனுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டிய பிறகு அதைத் தட்டிக்கழிப்பது கடினம். தூண்டில்காரர்களிடம் ஒரு பதில்தான் இருக்கிறது: நாங்கள் போய்விட்டால் ஆற்றை யார் பார்ப்பார்கள்? வாதம் சுயநலமானது. பொய்யானது அல்ல.

ஏனென்றால் கதை முடியவில்லை. 2023 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. 2006க்குப் பிறகு எண்ணிக்கை 30 முதல் 50 சதவீதம்வரை குறைந்துவிட்டதாக அது சொன்னது. இம்முறை ஒரே ஒரு கழிமுகத்தைக் கைகாட்ட முடியாது. கடல் சூடாகிறது. ஆற்றிலிருந்து போகும் குஞ்சுகளில் திரும்பி வருபவை முன்னைவிட மிகக் குறைவு. கனமழையில் சாக்கடைக் குழாய்கள் இன்றும் ஆறுகளில் வழிகின்றன. டைன் நதியைக் காப்பாற்றக் குழாய் பதித்தால் போதுமானதாக இருந்தது. அட்லாண்டிக் கடலுக்குக் குழாய் பதிப்பது எப்படி?

அக்டோபர் 31 மாலை பருவம் முடிகிறது. ஹெக்ஸம் கரையில் இருட்டுவதற்குள் கடைசி வீச்சு வீசுகிறார்கள், இழையைச் சுருட்டுகிறார்கள். கோலைக் கழற்றி உறையில் போட்டு, காரை நோக்கி நடக்கிறார்கள். பிப்ரவரி முதல் தேதி வரை இனி யாரும் சால்மனுக்குத் தூண்டில் வீச முடியாது. சில வாரங்களில், மேலே மலையோடைகளில், பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறிக்கும். முட்டையிட்டு மூடும். பெரும்பாலானவை அதோடு இறந்துபோகும். குஞ்சுகள் வசந்தத்தில் வெளியே வரும். அவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்று யாராவது ஒருவர் தண்ணீரில் நின்று எண்ண வேண்டியிருக்கும்.