யாருக்கு மலிவு இந்தப் பாலைவன நகரம்?

அமெரிக்காவின் ஆரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. பாலைவனத்தின் நடுவே எழுந்த நகரம். 1950இல் அங்கே வசித்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். 2020 ஜனத்தொகைக் கணக்கின்படி 16 லட்சம் பேர்! எப்படி இப்படிப் பெருகியது? வீட்டுமனை வியாபாரிகள் இதற்கு ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: மலிவு. வீடு மலிவு, வரி குறைவு, வருஷம் முழுவதும் வெயில், பனிக்கட்டியை வாரிக் கொட்டும் தொல்லை இல்லை.

இதில் பொய் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் வீட்டை விற்றுவிட்டுக் கைநிறையப் பணத்தோடு வருகிறவனுக்கு பீனிக்ஸ் மலிவான ஊர்தான். நல்ல ஓய்வுச் சம்பளம் வாங்குகிறவருக்கும் அப்படியே. ஆனால் அந்த ஊரின் கூரையை வேய்கிறவனுக்கு, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவளுக்கு, ஆகாய விமானத்தில் சாமான் ஏற்றுகிறவனுக்கு? அவர்களுக்கும் அது மலிவான ஊர்தானா? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மில் தோழர்களுக்கு அந்தப் பக்கத்தோடு ஒரு சம்பந்தம் உண்டு. நீள இழைப் பஞ்சு என்று பேர்பெற்ற பைமா பருத்தி அந்த மாநிலத்தில்தான் பெரிதாக வளர்ந்தது. முதல் உலக யுத்தக் காலத்தில் டயருக்கு வேண்டிய பஞ்சுக்காக குட்இயர் கம்பெனி பீனிக்ஸுக்கு மேற்கே பருத்தி போட்டது. அங்கே உண்டான ஊருக்கு இன்றும் கம்பெனியின் பெயர்தான். பருத்தி எடுக்க மெக்சிகோவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்தப் பருத்திக் காடுகள் வீட்டுமனைகளாயின. மனையில் வீடு கட்டவும் அதே ஏழைக் கைகள்தான் வந்தன.

கூலிக் கணக்கைப் பார்ப்போம். 2025இல் ஆரிசோனாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர் 70 சென்ட். இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைக்க வேண்டாம், தோழர்களே! அங்கே அரிசியும் வாடகையும் டாலரில்தான். வாரம் 40 மணி நேரம் முழுக்க வேலை கிடைத்தால் 588 டாலர்; மாதத்துக்குச் சுமார் 2,550. வரிப் பிடித்தம் போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. ஓர் அறையுள்ள குடியிருப்பு ஆயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. அடுத்தது கார். கார் என்றால் ஆடம்பரம் என்று நாம் நினைப்போம். அந்த ஊரோ மைல் கணக்கில் பரந்து கிடப்பது. கார் இல்லாதவன் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் கூலியிலிருந்துதான். 2022 ஆகஸ்டில் பீனிக்ஸ் வட்டாரத்து விலைவாசி முந்தைய ஆண்டைவிட 13 சதவிகிதம் ஏறியிருந்தது. அதில் பெரும் பங்கு வாடகைக்கு. வீட்டுக்காரன் வாடகையை உயர்த்தினால் நகரசபை தடுக்கலாமே என்று கேட்கலாம். தடுக்க முடியாது. எந்த நகரமும் வாடகைக் கட்டுப்பாடு போடக்கூடாது என்பது மாநிலத்தின் சட்டம்!

ஆனால் பீனிக்ஸில் உயிரை வாங்குவது வாடகை ரசீதைவிட மின்சார பில்தான்.

வேலூரில் வெயில் 110 டிகிரியைத் தொட்டுவிட்டால் நம் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடுகின்றன. பீனிக்ஸில் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாள், ஒரு நாள் விடாமல் 110 டிகிரியும் அதற்கு மேலும் காய்ந்தது. ராத்திரியாவது தணிந்ததா? தொடர்ந்து 16 ராத்திரிகள் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. தார் ரோட்டில் மயங்கி விழுந்தவர்களைத் தோல் வெந்த நிலையில் தீக்காய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஏ.சி. என்பது சுகபோகமா? குடிதண்ணீர் போல அதுவும் உயிருக்கு ஆதாரம். அந்தத் தண்ணீருக்கு மீட்டர் வைத்து விற்கிறது கம்பெனி.

2018 செப்டம்பரில் பீனிக்ஸை ஒட்டிய ஒரு குடியிருப்பில் தனியாக வசித்த 72 வயது மூதாட்டி மின்சார பில்லில் ஒரு பகுதியைக் கட்டினார். பாக்கி 51 டாலர் சொச்சம். கம்பெனி லைனைத் துண்டித்தது. அன்று வெயில் 107 டிகிரி. சில நாள் கழித்து அவரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள். இந்தச் செய்தி 2019இல் பத்திரிகையில் வந்து, ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகுதான், கோடை மாதங்களில் பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது என்று மாநில மின்சார ஒழுங்குமுறை கமிஷன் உத்தரவு போட்டது. ஒரு கிழவியின் உயிர் போன பிறகு வந்த உத்தரவு. அதிலும் துண்டிப்புக்குத்தான் தடை. கடன் ஏறிக்கொண்டே இருக்கும்.

பீனிக்ஸ் அடங்கிய மரிகோப்பா ஜில்லாவின் சுகாதார இலாகா வெயிலுக்குப் பலியானவர்களை வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. 2015இல் நூறுக்கும் கீழே இருந்த தொகை 2023இல் 645 ஆகியது, 2024இல் 608. வெயில் எல்லோருக்கும் பொது என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லையே! 2023இல் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடற்றவர்கள். வீட்டுக்குள்ளே மாண்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏ.சி. இருந்தது, ஆனால் ஓடவில்லை. தகரப் பெட்டி போன்ற நடமாடும் வீடுகளில் இருக்கும் ஏழைகள் அதிகமாகச் செத்தார்கள். பணக்காரர் பேட்டையில் மரமும் நிழலும். மெக்சிகோக்காரரும் நீக்ரோ மக்களும் ஒருகாலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட தென் பீனிக்ஸில் வெறும் தாரும் காங்கிரீட்டும். நிழலில்கூட வர்க்கம் உண்டு.

அந்த ஊர் உழைப்பாளிகள் தலைவிதி என்று சும்மா இருக்கவில்லை. 1972இல் அறுவடை நேரத்து வேலைநிறுத்தத்தை முடக்கும் சட்டத்தை ஆரிசோனா நிறைவேற்றியது. பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் பீனிக்ஸில் 24 நாள் உண்ணாவிரதம் இருந்தார். கலிபோர்னியாவில் நடக்கும், ஆரிசோனாவில் நடக்காது என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் கைவிரித்தபோது, “முடியும்!” என்று பதில் சொன்னவர் டோலோரஸ் ஹுவர்ட்டா என்ற பெண்மணி. அது பின்னர் அமெரிக்கா முழுவதும் ஊர்வலக் கோஷமானது.

2016இல் மணிக்கு 8 டாலர் 5 சென்ட் இருந்த குறைந்தபட்சக் கூலி அடுத்த ஆண்டே 10 டாலர் ஆனது. சட்டசபை மனமிரங்கியா? இல்லை. ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். சம்பளத்தோடு வியாதி லீவும் அதே ஓட்டில் கிடைத்தது. 2024 மார்ச்சில், கொதிக்கும் விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் உள்பட உழைப்பாளிகள் குரல் எழுப்பியதன் பலனாக, வெளியில் உழைப்பவர்களுக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு தர ஏற்பாடு வேண்டும் என்று நகரசபை ஏகமனதாக விதி செய்தது. தண்ணீர் குடிக்க ஒரு சட்டம்! உலகின் மிகப் பணக்கார நாட்டில்!

அந்த விதியும் நகரசபையோடு ஒப்பந்தம் செய்துகொண்ட காண்டிராக்டர்களையும் அவர்களுக்குக் கீழ் உள்ளவர்களையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டுக்குக் கூரை வேய்கிறவன், தோட்டத்தில் புல் வெட்டுகிறவன், ஜில்லாவின் வயல்களில் எஞ்சியிருக்கும் விவசாயக் கூலி இவர்களுக்கெல்லாம் அது இல்லை. ஜூலை மாதத்தில் அந்தக் கூரை மேல் மத்தியானம் ஆள் நிற்க முடியாது. ஆகையால் விடியுமுன்னே விளக்கு வெளிச்சத்தில் ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுகிறார்கள். வேலை செய்யாத மணிக்குக் கூலி இல்லை. வாடகையோ முழு மாதத்துக்கு.