பெண்களும் சிரிக்க ஒரு நாடகம்

சென்ற தீபாவளியை ஒட்டி, செகந்திராபாத்தில் நம்மவர்கள் போட்ட நகைச்சுவை நாடகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். நல்ல கூட்டம். மேடையில் மாமியார் வாயைத் திறந்தால் சிரிப்பு. மருமகள் புடவை கேட்டால் சிரிப்பு. பக்கத்து வீட்டு அம்மாள் பருமனாக இருந்ததற்கே ஐந்து நிமிடம் சிரிப்பு. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி பேசாமல் வந்தாள். "நாடகம் எப்படி?" என்று கேட்டேன். "எங்களைப் பார்த்து ரெண்டு மணி நேரம் சிரிச்சீங்க. நாங்க சிரிக்க அதிலே என்ன இருந்தது?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெண்களை வைத்து, அவர்களும் சேர்ந்து சிரிக்கும்படி ஒரு நாடகம் போட முடியாதா? முடியும். நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தத் தெலுங்கு நாட்டிலேயே அப்படி ஒரு நாடகம் இருக்கிறது. குரஜாடா அப்பாராவ் எழுதிய 'கன்யாசுல்கம்' அது. விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரத்தில் 1892-ல் முதன்முதலாக மேடையேறியது.

கன்யாசுல்கம் என்றால் பெண்ணுக்குக் கொடுக்கும் விலை. அந்தக் காலத்தில் அந்தப் பகுதி அக்கிரகாரங்களில் சிறுமிகளைக் கிழவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. விஜயநகர மகாராஜா இதைக் கணக்கெடுக்கச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் 1,034 திருமணங்கள் பட்டியலில் ஏறின. அவற்றில் 99 பெண்களுக்கு வயது ஐந்து. மூன்று பெண்களுக்கு ஒன்றே வயது! 1897-ல் நாடகம் நூலாக வந்தபோது முன்னுரையில் ஆசிரியரே இதைச் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட விஷயத்தைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருக்கலாம். அப்பாராவ் நகைச்சுவையாக எழுதினார். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னப் பெண் சுப்பியைக் கிழவன் லுப்தாவதானுலுவுக்குக் கொடுக்கத் துடிக்கும் தகப்பன், பேராசை பிடித்த அந்தக் கிழவன், நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரை ஏய்க்கும் கிரீசம் இவர்களே கேலிக்கு ஆளாகிறார்கள். சுப்பியின் மாமன் ஒரு பையனுக்குப் பெண் வேடம் போட்டுக் கிழவனுக்கே கட்டி வைத்து விடுகிறான். சாப்பாடு போட்டுப் பிழைக்கும் விதவை ஒருத்தி, தன் பணத்தை ஏமாற்றிய கிரீசத்தைத் தேடி விளக்குமாற்றோடு வருகிறாள். கடைசியில் எல்லாச் சிக்கலையும் அவிழ்ப்பவள், ஊரார் இழிவாகப் பேசும் தாசி மதுரவாணி. பெண்களின் துயரம் அங்கே மறைக்கப்படவில்லை. ஆனால் அவர்களுக்கு வாயும் புத்தியும் இருக்கின்றன. ரசிகர்களின் மனம் அவர்கள் பக்கமே நிற்கிறது.

நம்மவர்களுக்கு இந்த நாடகம் முற்றிலும் அந்நியமல்ல. 1955-ல் படமாக வந்தபோது மதுரவாணியாக நடித்தவர் நம் சாவித்திரி. 'சங்கராபரணம்' சோமயாஜுலுவும் அவர் தம்பி ரமணமூர்த்தியும் பல ஆண்டுகள் இதை மேடையில் நடத்தியவர்கள். சோமயாஜுலு வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர் என்பதை, ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடும் நம் குமாஸ்தா நண்பர்கள் நினைவில் வைக்கலாம்.

"அது நூறு வருஷத்துக் கதை, அக்கிரகாரத்துக் கதை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். அன்று பெண்ணைப் பெற்றவன் பணம் வாங்கினான், இன்று கொடுக்கிறான். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தும், நம் குடியிருப்புகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் எத்தனை சவரன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பணம் கை மாறும் திசை மாறிற்றே தவிர, பேரம் மாறவில்லை. இதை மேடையில் சிரித்தபடி சொன்னால் முன் வரிசையில் இருப்பவருக்கும் உறைக்கும்.

இன்னொரு பேச்சும் உண்டு: "நடிக்கப் பெண்கள் கிடைக்க மாட்டார்கள்." ஒரு காலத்தில் டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்தார். அவருடைய கலைத் திறனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1885-ல் கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் தோன்றிய சுரபி நாடகக் குடும்பங்களில் தாய், மகள், மருமகள் எல்லாருமே மேடை ஏறினார்கள். அந்தக் குடும்பங்கள் பல இன்றும் நம் லிங்கம்பள்ளிப் பக்கம்தான் குடியிருக்கின்றன. நம் தமிழ்ப் பெண்மணி ஒருவர், பம்பாய் ஞானம், ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்கும் குழுவை அமைத்துக் காட்டினார். அவர்களால் முடிந்தது மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் ஏன் முடியாது?

தடையாக இருப்பது பெண்களின் கூச்சமல்ல. நாம் வைக்கும் நேரம். இரவு ஏழு மணிக்கு ஒத்திகை என்றால் அடுப்பை யார் பார்ப்பது, பத்து மணிக்கு யார் துணைக்கு வருவது? ஞாயிறு மதியம் ஒத்திகை வைக்கட்டும். அன்று ஒருவேளைச் சமையலை ஆண்கள் பார்க்கட்டும். குழந்தைகளை ஒத்திகைக்கே அழைத்து வரட்டும். முழு நாடகமும் மிக நீளமானது. தெலுங்குக்காரர்களே சுருக்கித்தான் போடுகிறார்கள். நாமும் இரண்டரை மணி நேரத்துக்குத் தமிழில் அமைத்துக் கொள்ளலாம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தையும் அழைக்கலாம். அவர்களுக்குக் கதை தெரியும், நமக்கு மொழி தெரியும். அண்டை வீட்டு உறவுக்கு இதைவிட நல்ல வழி ஏது?

நம் மன்றத்தார் அடுத்த ஆண்டு விழாவுக்கு இதை யோசிக்க வேண்டும். நாடகம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவியும் சிரித்துக்கொண்டு வந்தால், அன்றைய டிக்கெட் காசு வீண் போகவில்லை என்பேன்.