செப்பமும் புதுமையும்

மக்கள் கையால் ஆக்கப்பட்ட பொருள்களுள் குறையே இல்லாதது என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுதல் அரிது. வீட்டைக் கட்டியவன் மழைக்காலம் வருமுன் கூரையின் ஓடுகளை மாற்றுகிறான். ஏரியை வெட்டிய ஊரார் ஆண்டுதோறும் அதன் கரையை உயர்த்துகின்றனர். ஆக்குதலோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஆக்கியதைக் காத்து வருதலும் கடமையே. கணிப்பொறிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி நடத்துவது இயக்க அமைப்பு. விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. இலட்சக்கணக்கான வரிகளில் எழுதப்பெற்ற கட்டளைகளின் தொகுதியே அது. அத்தனை வரிகளையும் பிழையின்றி எழுதுதல் எத்துணை வல்லவர்க்கும் இயலாது. ஆதலின், மக்கள் கைக்கு வந்த பின்னரும் அதில் குறைகள் வெளிப்படுகின்றன. வெளிப்பட்ட குறைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. அத்திருத்தம் இரு வகையாக வருகிறது. ஒரு குறைக்கு ஒன்றாக அவ்வப்போது வருவது சிறு திருத்தம். பல திங்களாகச் சேர்ந்த திருத்தங்களை ஒன்றாகக் கட்டி, சில மாறுதல்களையும் கூட்டி அனுப்புவது பெருந்தொகுப்பு. 'சர்வீஸ் பேக்' என்னும் பெயரால் மைக்ரோசாப்ட் நிறுவனம் நெடுங்காலம் வெளியிட்டு வந்தவை இத்தகைய தொகுப்புகளே. இவை உண்மையில் வேண்டியவைதாமா என்பது ஆராயத்தக்கது.

வேண்டா என்பார் கூறும் காரணங்களைப் புறக்கணித்தல் ஆகாது. "சிறு திருத்தங்கள் உடனுக்குடன் வருகின்றன, அவற்றை இட்டு வந்தால் போதாதா? ஒரே நாளில் பலவற்றை மாற்றினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும் அன்றோ?" என்று அவர்கள் கேட்கின்றனர். அவர்கள் அச்சத்திற்குச் சான்றும் உண்டு. 1999ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் என்டி 4.0 அமைப்பிற்கு ஆறாவது தொகுப்பு வெளிவந்தது. அதை நிறுவிய கணிப்பொறிகளில், நிருவாக உரிமை இல்லாதவர்கள் லோட்டஸ் நோட்ஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்த முடியாமற்போயிற்று. அடுத்த திங்களே 'ஆறு ஏ' என்று வேறொரு தொகுப்பை வெளியிட நேர்ந்தது. திருத்த வந்ததையே திருத்த வேண்டிய நிலை அது.

அளவும் ஒரு தடையாக இருந்தது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் தொகுப்பின் முழு வடிவம் ஏறத்தாழ 266 மெகாபைட் கொண்டது. அந்நாளில் தொலைபேசிக் கம்பியின் வழியே இணையத்தை அடைந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கிடைத்த உயர்ந்த வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அவ்வேகம் சிறிதும் குறையாது நின்றாலும் முழுத் தொகுப்பையும் பெறப் பத்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஆதலாலேயே அதைக் குறுந்தகட்டில் பதித்து விலையின்றியும் அனுப்பினர்.

இத்தனை இடர்ப்பாடு இருந்தும் அத்தொகுப்பை ஏன் வெளியிட்டனர்? முந்திய ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. 2003ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், விண்டோஸில் இருந்த ஒரு பெருங்குறைக்குச் சிறு திருத்தம் வெளியாயிற்று. ஆகஸ்டு 11ஆம் நாள் 'பிளாஸ்டர்' என்னும் தீநிரல் அக்குறையின் வழியே புகுந்து உலகெங்கும் பரவிற்று. இடையில் இருந்தவை 26 நாள்கள். அந்நாள்களில் திருத்தத்தை இட்டவர்கள் தப்பினர். இடாதவர்களின் கணிப்பொறிகள் தாமே நின்று நின்று மீண்டும் தொடங்கின. மருந்து கையில் இருந்தும் உண்ணாதவனுக்கு நோய் தீருமோ?

இதைக் கொண்டு, "பிழை பயனர்மேலதே, சிறு திருத்தம் போதுமானதாகவே இருந்தது" என்று சிலர் முடிவு கட்டலாம். அம்முடிவு முழுவதும் சரியன்று. அந்நாளில் ஒருவர் பழைய குறுந்தகட்டைக் கொண்டு எக்ஸ்பி அமைப்பைப் புதிதாக நிறுவினார் என்று கொள்வோம். அதற்குரிய திருத்தங்களைப் பெற வேண்டுமானால் அவர் இணையத்தில் இணைய வேண்டும். இணைந்த சிறிது பொழுதிலேயே, திருத்தம் வந்து சேருமுன், தீநிரல் வந்து சேர்ந்துவிடும். கதவைப் பூட்டப் பூட்டு வாங்கச் சென்றவன் வீட்டைத் திறந்து போட்டுச் செல்வதை ஒத்தது அது. எல்லாத் திருத்தங்களையும் உள்ளடக்கிய தொகுப்பு ஒரே தகட்டில் கையில் இருந்தால் இவ்விடர் நேராது. பெருந்தொகுப்பின் முதற்பயன் இதுவாகும்.

இரண்டாம் பயன் இதனினும் சிறந்தது. சில குறைகள் கூரையின் ஓட்டை போன்றவை. ஓர் ஓட்டை மாற்றினால் தீர்ந்துவிடும். வேறு சில, வீட்டின் அமைப்பிலேயே உள்ளவை. எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு வெளிவந்தபோதே 'ஃபயர்வால்' எனப்படும் காப்பரண் அதனுள் இருந்தது. ஆனால் பயனர் தாமே தேடி அதனை இயக்கினாலன்றிப் பெரும்பாலும் அது செயற்படாது. அரண் இருந்தும் வாயில் திறந்தே கிடந்தது. இரண்டாம் தொகுப்பு அந்நிலையை மாற்றிற்று. அதை நிறுவிய பொழுதே காப்பரண் தானாக இயங்கத் தொடங்கிற்று. நினைவகத்தில் தரவுக்கென ஒதுக்கிய இடத்தில் கட்டளைகள் புகுந்து ஓடாதவாறு தடுக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஒரு குறையை அடைப்பதோடு நில்லாமல், இனிக் காணப்படும் குறைகளாலும் பெருங்கேடு விளையாதபடி செய்யும் மாற்றங்கள் இவை. இத்தகைய பணியைச் சிறு திருத்தங்களைக் கொண்டு துண்டு துண்டாகச் செய்தல் எளிதன்று.

ஆகவே பெருந்தொகுப்பு வேண்டும் என்பது தெளிவு. ஆயின் எதைத் தொகுப்பது என்பதில்தான் வழுவுதல் நேர்கிறது. செப்பனிடுதல் வேறு, புதுமை செய்தல் வேறு. கூரையைப் பழுது பார்க்க வந்த தச்சன், கேளாமலே வீட்டின் வாயிலையும் இடம் மாற்றி வைத்தால் வீட்டுக்காரர் மறுமுறை அவனை அழைக்கத் தயங்குவார். அத்தயக்கத்தால் கூரை ஒழுகும். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 10 அமைப்பிற்குப் புதுமைகள் பலவற்றைக் கொண்ட பெரும் புதுப்பிப்பு ஒன்று வெளியாயிற்று. அது சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டமையால், சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. குறை நீக்கப்பட்டு நவம்பர் 13ஆம் நாள் மீண்டும் வெளியிடப்பட்டது. புதுமையால் ஒருமுறை இழப்புற்றவர், அடுத்து வரும் பாதுகாப்புத் திருத்தத்தையும் ஐயத்தோடு நோக்குதல் இயல்பே.

அந்த ஐயத்திற்குச் செலுத்த வேண்டிய விலை பெரிது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் விண்டோஸின் மற்றொரு குறைக்குத் திருத்தம் வந்தது. மே 12ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் தீநிரல் அக்குறையின் வழியே நுழைந்தது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்தும் திருத்தம் இடப்படாத கணிப்பொறிகள் எண்ணற்றவை இருந்தன. இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனைக் குழுமங்கள் இடையூறு உற்றன. ஆயிரக்கணக்கான நோயாளர்களுக்குக் குறித்த மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன. இயந்திரத்தின் குறை இயந்திரத்தோடு நின்றுவிடவில்லை. நோயாளரின் படுக்கைவரை சென்றது.

செப்பத்தையும் புதுமையையும் பிரித்தல் இயலாத ஒன்றா? அன்று. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் அமைப்பைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் நிலைத்த பதிப்பிற்குச் சில திங்களுக்கு ஒருமுறை தொகுப்பு வெளிவருகிறது. பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும் பிழைகளின் நீக்கமுமே அதில் இடம்பெறுகின்றன. புதுமைகள் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கின்றன. சிறு திருத்தங்கள் தொகுப்பிற்காகக் காத்திருப்பதில்லை. ஆயத்தமான உடனே அனுப்பப்படுகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனமும் மருத்துவக் கருவிகள் போன்றவற்றிற்கென நெடுங்கால ஆதரவுடைய தனி விண்டோஸ் வகையை வைத்துள்ளது. அதற்குத் திருத்தங்கள் மட்டும் செல்லும், புதுமைகள் செல்லா. ஆயின் அது நிறுவனங்களுக்கே வழங்கப்படுகிறது. வீட்டில் பயன்படுத்தும் எளிய மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. பெரியோர்க்கு நன்மை என்று கண்டதை எளியோர்க்கு மறுப்பது முறையாகாது.

இன்று 'சர்வீஸ் பேக்' என்னும் பெயர் மறைந்துவிட்டது. விண்டோஸ் 10 முதலாகத் திங்கள்தோறும் வரும் திருத்தமே முன்னைத் திருத்தங்களையும் தன்னுள் அடக்கி வருகிறது. பெயர் மறைந்ததே அன்றித் தொகுப்பு மறையவில்லை. அதன் தேவையும் மறையாது.

ஆகவே ஆக்குவோர்க்கும் ஆள்வோர்க்கும் கடமைகள் உள்ளன. உடனே வேண்டிய திருத்தத்தைத் தொகுப்பிற்காகக் காக்க வைத்தலும், விரும்பாத புதுமையை அதனோடு பிணைத்தலும் ஆக்குவோர் தவிர்க்க வேண்டியவை. தம் கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படி எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தம் வந்த பின் நாளை என்று தள்ளாமல் நிறுவுதல் பயனர் செய்ய வேண்டியது. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. அணைக்கு வேண்டிய கல்லை அலங்கார வளைவோடு சேர்த்தே விற்பேன் என்பது அறமாகாது; வளைவு பிடிக்கவில்லை என்று கல்லையும் மறுத்துவிடுதல் அறிவுடைமையும் ஆகாது.