கல்கத்தா என்ன டண்டீயிலா இருந்தது?

உங்கள் எம்.பி.யிடம் என்ன கேட்பீர்கள்? ரயில் நிற்கணும், நிழற்குடை வேணும், பையனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். அவ்வளவுதானே?

1925-ல் டாம் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து எம்.பி. இந்தியாவுக்கு வந்தார். அவருடைய தொகுதி டண்டீ, சணல் ஆலை ஊர். கல்கத்தா ஆலைகளின் அடிமாட்டுக் கூலியோடு போட்டி போட முடியாமல் அங்கே வேலை பறிபோய்க் கொண்டிருந்தது. 'இந்தியாக்காரன் நம் பிழைப்பைக் கெடுக்கிறான்' என்று மேடையில் முழங்கியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். மனிதர், தொழிற்சங்கச் செயலாளர் ஜான் சைமோடு கப்பல் ஏறினார். கல்கத்தா ஆலைகளின் பத்து வருடக் கணக்கைப் புரட்டினார்கள். தொழிலாளிக்குக் கொடுத்த கூலியைப் போல எட்டு மடங்கு லாபம் என்று எழுதினார்கள். கெடுப்பவன் யார் என்று புரிய பி.காம். படிக்க வேண்டியதில்லை.

இப்போது நீலகிரிக்கு வாருங்கள்.

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள டெல்லி கையெழுத்துப் போட்டது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு 'டான்டீ' ஆனது. தங்குவதற்கு லயன் வீடு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால், அது வேலையோடு வந்த வீடு. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளியவர் அறுபது வயதில் எந்த ஊருக்குப் போவார்? 2022-ல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தபோது மலையே கொதித்ததற்குக் காரணம் இந்த பயம்தான்.

வீடு கட்டித்தரத் திட்டங்கள் வருகின்றனவே என்பீர்கள். நல்லது. ஆனால், திட்டம் என்பது சலுகை. ஆட்சி மாறினால் ஃபைல் தூங்கிவிடும். வேண்டியது சட்டம். பணி ஓய்வு பெறுகிற தோட்டத் தொழிலாளியின் பெயரில் வீடும் பட்டாவும்.

'அதை நீலகிரி எம்.பி. பார்த்துக்கொள்வார்' என்று மற்ற 38 பேரும் நழுவ முடியாது. அந்தத் தொகுதியிலேயே பாதி சமவெளி: மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர். மலைத் தொழிலாளியின் ஓட்டு மட்டும் யாரையும் பயமுறுத்தாது. ஒப்பந்தம் போட்டது டெல்லி. 1951 சட்டத்தை இயற்றியதும், 2020-ல் அதைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடக்கியதும் நாடாளுமன்றம். இதில் தொகுதி எங்கே வந்தது?

அடுத்த முறை எம்.பி. வந்தால் நிழற்குடை கேளுங்கள், தப்பில்லை. கூடவே கூடலூர் லயன் வீட்டைப் பற்றியும் ஒரு கேள்வி போடுங்கள். 'அது என் தொகுதி இல்லையே' என்று சொன்னால், இந்தக் கட்டுரையின் தலைப்பைத் திருப்பிக் கேளுங்கள்.