தறி வாங்கப் போனோம்

சென்ற ஆண்டில் ஒரு நாள் 'பாவு', 'ஊடை' என்னும் இரண்டு சொற்கள் வகுப்புப் பாடத்திலே வந்தன. பட்டம் பெற்றவர்களுக்கு இயல்பாயுள்ள தைரியத்துடன், நீளவாட்டில் ஓடும் நூல் ஊடை என்றும், குறுக்கே ஓடும் நூல் பாவு என்றும் நாம் விளக்கம் சொன்னோம். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்று, "மாத்திச் சொல்றீங்க, ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்து வைத்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் நம் இடுப்பிலிருந்த வேஷ்டி நம்மைக் கேலி செய்வது போலவே இருந்தது. நமக்கு வயது 45. அத்தனை வருஷமும் துணியை உடுத்திக் கிழித்திருக்கிறோமே தவிர, அது உண்டாகும் விதத்தை அறியோம்.

நெசவு கற்பதென்று அன்றே தீர்மானித்தோம். கற்பதற்குத் தறி வேண்டுமல்லவா? ஆசாரியிடம் புதிதாய்ச் செய்யச் சொல்வது உபாத்தியாயர் சம்பளத்துக்குக் கட்டி வராது. பழைய தறி ஒன்று வாங்கிவிடலாமென்று புறப்பட்டோம்.

பழைய தறிக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. ஈரோட்டைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் விசைத்தறியின் ஓசை காதில் விழுகிறது. கைத்தறிக்காரர் வீடுகளில் தறி இருந்த இடத்தில் கட்டிலோ பீரோவோ வந்துவிட்டது. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, 2009-10-ல் இத்தொழிலில் 43 லட்சம் பேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லிற்று. 2019-20-ல் எடுத்த அடுத்த கணக்கு 35 லட்சம் என்று சொல்லிற்று. பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேர் குறைந்து போனார்கள். அவர்கள் விட்டு எழுந்த தறிகள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

விசாரித்ததில், பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியின் கொட்டகையில் அவை இருந்தன. கதவு, ஜன்னல், தூண் இவற்றோடு தறிகளும் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. வியாபாரி மரத்தைத் தட்டிக் காட்டினார். "நல்ல வைரம் பாய்ந்த மரம்; ஹோட்டல்காரர்கள் வாசலில் வைக்க வாங்கிப் போகிறார்கள்; மேஜை பண்ணினாலும் பண்ணலாம்" என்றார். நாம் பர்ஸைத் திறந்துவிட்டோம். உடன் வந்திருந்த நம் வீட்டம்மாள் மட்டும், "இதில் எதை எதோடு சேர்க்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி போட்டாள். வியாபாரி நம்மைப் பார்த்தார். நாம் வியாபாரியைப் பார்த்தோம். பர்ஸை மூடிக்கொண்டு வெளியே வந்தோம்.

இந்த அவமானத்தில் நமக்கு ஒரு பெரிய துணை உண்டு. ஆமதாபாத்தில் 1915-ல் தொடங்கிய சத்தியாக்கிரக ஆசிரமத்தில் சில கைத்தறிகளை அமைத்த கதையைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தறிகள் வந்துவிட்டன, அவற்றில் உட்காரத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அங்கிருந்தவர்கள் படித்த உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளுமே. கைத்தொழிலாளி ஒருவர்கூடக் கிடையாது. கடைசியில் பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளரைத் தேடி அழைத்து வந்தார்கள். அவரும் தம் வித்தை முழுவதையும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். மகன்லால் காந்தி விடாப்பிடியாகக் கற்றுத் தேர்ந்த பிறகே ஆசிரமத்தில் துணி நெய்ய முடிந்தது. ராட்டை கிடைத்த கதையும் இதே மாதிரிதான். கங்காபென் என்னும் அம்மையார் அலைந்து தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் அதைக் கண்டுபிடித்தார். அங்கே பல வீடுகளில் ராட்டைகள் உதவாத சாமானாகப் பரணில் கிடந்தன. பஞ்சுப் பட்டையைத் தவறாமல் கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்ள யாராவது முன்வந்தால் மறுபடியும் நூற்கத் தயார் என்று அந்த வீட்டார்கள் சொன்னார்கள். ராட்டை பரணில் இருந்தாலும் நூற்கத் தெரிந்த கை வீட்டிலேயே இருந்தது. நாம் போன கொட்டகையில் கைதான் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நம்மைத் திருத்திய பையனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். "எங்க தாத்தா தறியைக் கொடுக்கிறதாச் சொல்லிட்டிருக்காருங்க, ஐயா" என்றான். ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குப் போனோம். குமரனைப் பெற்ற ஊர். போர்வைக்குப் பேர் போன ஊர். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். முழங்கால் வலியினால் மிதிகட்டையை மிதிக்க முடியவில்லை. பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பேத்திக்குக் கல்யாணம், வீட்டில் இடம் வேண்டும். தறி குழித்தறியன்று, தரைமேல் சட்டம் கட்டி நிறுத்தியது. "குழித்தறியா இருந்தா உங்களுக்கு ஆகாதுங்க, ஐயா. குழியைத் தூக்கிட்டுப் போக முடியுமா?" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார்.

பிறகு அவர் செய்த காரியம் நமக்கு ஆச்சரியமாயிருந்தது. விற்கிறவர் தம் பொருளைப் புகழுவதே வழக்கம்; இவரோ தம் தறியைச் சோதித்துப் பார்க்க நமக்குக் கற்றுக் கொடுத்தார். ஒரு கயிற்றைக் கொடுத்து, சட்டத்தின் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு அளக்கச் சொன்னார். அப்புறம் மற்ற இரண்டு மூலைகளுக்கும் அளக்கச் சொன்னார். இரண்டளவும் ஒத்திருந்தால்தான் சட்டம் கோணாமலிருக்கிறதென்று அர்த்தம். கோணிய தறியில் துணியும் கோணும். துணி சுற்றும் படைமரத்தின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று கண்ணை ஒட்டிப் பார்க்கச் சொன்னார். மரத்தின் அடிக்கால்களைக் கத்தி முனையால் குத்திக் கரையானுக்குப் பரீட்சை வைத்தார். நாடாவை எடுத்து நம் கன்னத்தில் தேய்த்தார். சிராய் இருந்தால் கன்னம் சொல்லிவிடும், இல்லாவிட்டால் பாவு நூல் அறுந்து சொல்லும் என்றார்.

"அச்சுத்தானுங்க தறிக்குப் பல்லு" என்று அச்சைக் காட்டினார். சீப்பைப் போல் கம்பிகள் நிரம்பிய அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் பாவு நூல் ஒவ்வொன்றும் வருகிறது. 40-ம் நம்பர் அச்சென்றால் இரண்டு அங்குலத்தில் 40 பல்லிடுக்குகள். இடுக்குக்கு இரண்டு நூலாக அங்குலத்துக்கு 40 நூல் ஆகிறது. இரும்புக் கம்பியில் துரு ஏறியிருந்தால் நூலை அறுக்கும், துணியில் கறையும் படியும். துருப்பிடிக்காத எஃகு அச்சானால் மேல். தம்முடைய அச்சில் ஒரு கோடியில் நாலைந்து பற்கள் வளைந்திருப்பதை அவரே சுட்டிக் காட்டினார்.

இவ்வளவு கேட்ட பிறகும் நம் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. கொட்டகையில் கேட்ட மரவிலை நம் மனதில் இருந்தது. அதையே கிரயமாகச் சொன்னோம். பெரியவர் மறுக்கவில்லை. "மரத்துக்கு அது போதுங்க" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "மரத்துக்குச் சரிங்க, வாத்தியாரய்யா. இத்தனை நேரம் அவர் சொன்னதுக்கு?" என்றார்.

நாம் பதில் பேசவில்லை. பத்து மைல் தாண்டி டியூஷன் சொல்லப் போனால் பஸ் சார்ஜும் சேர்த்து வாங்குகிற ஜாதி நாம். கடைசியில் அந்த அம்மாளே ஏற்பாட்டைச் சொன்னார். தறி மூன்று மாதம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்; ஞாயிறு தோறும் நாம் வர வேண்டும்; பெரியவர் சொல்லிக் கொடுப்பார்; ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி. ஒரு துண்டு முழுசாய் நெய்து முடித்தபின் தறியைப் பிரித்து எடுத்துப் போகலாம். கூலியெல்லாம் கூட்டிப் பார்த்தபோது மரத்தின் விலையைத் தாண்டிவிட்டது. அதுதான் நியாயமென்று இப்பொழுது நமக்குப் படுகிறது.

அம்மாள் இன்னொன்றும் செய்தார். தறியில் பெரியவர் கடைசியாய் நெய்த துண்டை அறுத்து எடுக்கும்போது, விழுதிலும் அச்சிலும் கோத்திருந்த பாவின் வாலை வெட்ட விடவில்லை. அதன் அருமை நமக்குப் பின்னால்தான் தெரிந்தது. 30 அங்குல அகலத் துண்டுக்கு, அங்குலத்துக்கு 40 வீதம் 1,200 நூல்கள். வால் இல்லையென்றால் அந்த 1,200 நூல்களையும் ஒவ்வொன்றாய் முறை தவறாமல் விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சிலும் கோக்க வேண்டும். ஒன்று தவறினாலும் தவறு துணியின் நீளமெல்லாம் கோடாய் ஓடும். வால் இருந்தாலோ, பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைத்தால் போதும். பழைய ஒழுங்கிலேயே புதுப்பாவும் வந்துவிடும். அம்மாளுடைய விரல்கள் பிணைத்த வேகத்தில் நம்மால் எண்ணக்கூட முடியவில்லை. நம் பங்குக்கு நாம் பிணைத்தவற்றில் பாதி, அச்சைத் தாண்டுமுன் பிரிந்தன.

நேயர்களில் யாருக்கேனும் இந்த ஆசை முளைத்தால் நாம் சொல்லக்கூடியது இதுதான். தறியைத் தேடாதீர்கள், நெய்கிறவரைத் தேடுங்கள். ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே கேளுங்கள். சென்னை, காஞ்சிபுரம், சேலம் இவ்விடங்களில் நெசவாளர் சேவை மையங்கள் இருக்கின்றன. பாவு ஏற்றி நெய்துகொண்டிருக்கும் தறியைப் பாருங்கள். ஓடுகிற தறி தன் குறையை மறைக்காது. அச்சு, விழுது, நாடா, தார் சுற்றும் ராட்டை எல்லாம் விலையில் சேர்ந்தவையா என்று முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். நான்கு அடி அகலத் துணிக்குரிய தறி வீட்டில் ஏறக்குறைய ஆறடிச் சதுரம் கேட்கும்; அதை அளந்து, வீட்டம்மாளின் சம்மதத்தையும் பெறுங்கள். பிரிக்குமுன் ஒவ்வொரு மூட்டுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பாவின் வாலை வெட்ட விடாதீர்கள். விற்கிறவர் சொல்லிக் கொடுக்கும் நாட்களுக்குக் கூலியை மனமாரக் கொடுங்கள்.

மூன்று மாதம் என்று சொன்னது ஐந்து மாதம் ஆயிற்று. கயிற்றை இழுத்தால் நாடா பெட்டிக்குப் போகாமல் நம் மடியில் வந்து விழுந்தது. கையும் காலும் ஒன்றையொன்று அனுசரிக்கவில்லை. துண்டின் ஓரம் ஓரிடத்தில் உள்ளே வாங்கியும் ஓரிடத்தில் வெளியே தள்ளியும் நின்றது. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தண்ணி உறிஞ்சுமுங்க" என்று மட்டும் சொன்னார். நாம் எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளில் எழுதிய குறிப்புகளை நினைத்துக்கொண்டோம்.

தறி இப்பொழுது நம் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. அந்தப் பையன் மாலையில் வந்து, நாம் கட்டிய முடிச்சுக்களை அவிழ்த்துச் சரியாய்க் கட்டிவிட்டுப் போகிறான். துண்டைக் கொடியில் உலர்த்தியிருந்தபோது நம் வீட்டம்மாள் அதன் தலைப்பைக் காட்டி, "இந்த ஒரு சாண் மட்டும் நூல் வேறு மாதிரி இருக்கிறதே?" என்று கேட்டாள். அது பெரியவர் விட்ட வால். நம் முதல் துண்டு அவருடைய நூலில்தான் தொடங்குகிறது.