கெம்போங்குக்குத் தமிழில் என்ன பெயர்?

"இன்று எங்கே சாப்பிடலாம்?" என்று நம் வளாக நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாழை இலைச் சோறு, நாசி லெமாக், ரொட்டி சானாய் என்று நீளும் பட்டியலில் ஜப்பானியக் கடல் உணவும் இப்போது தவறாமல் இடம்பெறும். தட்டுகள் தாமே நம்மைத் தேடி வரும் சுழல் பட்டைக் கடையை 1958ஆம் ஆண்டு யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் ஒசாகா பகுதியில் முதன்முதலில் தொடங்கினார். இன்று அத்தகைய கடைகளை நம் நாட்டுப் பேரங்காடிகளிலும் காண்கிறோம். பகுதி நேர வேலைக்குச் சம்பளம் கிடைத்த நாளில் அங்கே கூடும் தமிழ் மாணவர்கள் ஏராளம். அவர்களுள் நானும் ஒருவன்.

இப்பழக்கத்தைப் பற்றி இரு விதமான குரல்கள் கேட்கின்றன. "பச்சை மீனையா தின்கிறீர்கள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அம்மா வைக்கும் மீன் குழம்பை மறந்துவிட்டு அந்நிய உணவுக்கு அடிமையாகிவிட்டீர்களே!" என்று மொழிப்பற்றாளர் சிலர் வருந்துகிறார்கள். இவ்விரு கவலைகளும் தேவையற்றவை என்பது என் கருத்து. நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பச்சை மீனைப் பார்ப்போம். சுஷி என்பது பச்சை மீனைக் குறிக்கும் சொல் அன்று. வினிகர் கலந்த சோற்றைக் கொண்டு செய்யும் உணவுக்கே அப்பெயர். வெந்த இறால், வாட்டிய விலாங்கு, முட்டை என்று சமைத்த பொருள்களை வைத்தும் அதைச் செய்கிறார்கள். சோறு இல்லாமல் மீனைப் பச்சையாக வெட்டித் தருவது சஷிமி. பெரியவர்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. பச்சை மீனில் அனிசாக்கிஸ் போன்ற புழுக்கள் இருக்கக்கூடும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ அவற்றைக் கொல்வதில்லை. பச்சையாக உண்ணும் மீனைக் கழிவு 20 பாகை செல்சியசில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல்களுள் ஒன்று. ஆகவே காலைச் சந்தையில் வாங்கிய மீனைக் கொண்டு யாரும் வீட்டில் சஷிமி செய்ய வேண்டாம். வாட்டுவது, பொரிப்பது, கொதிக்க வைப்பது என்று ஜப்பானியச் சமையலில் எத்தனையோ வழிகள் உள்ளன.

அடுத்து, அந்நிய உணவு என்ற குற்றச்சாட்டு. ஜப்பானியரின் அடையாளமாக நாம் எண்ணும் தெம்புரா, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டு வந்த பொரிக்கும் முறையிலிருந்து வளர்ந்தது. சால்மன் சுஷியோ 1980களில் நோர்வே நாட்டு மீன் வணிகர்கள் மேற்கொண்ட பிரச்சாரத்தின் விளைவு. அதற்கு முன்னர் ஜப்பானியர் புழுக்களுக்கு அஞ்சிச் சால்மனைப் பச்சையாக உண்பதைத் தவிர்த்தார்கள். நம் 'கறி' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் ஆங்கிலக் 'கர்ரி', மெய்ஜி காலத்தில் பிரிட்டன் வழியாக ஜப்பானை அடைந்து அங்கே 'கரே' ஆயிற்று. இறாலும் கணவாயும் போட்ட கரேயை நாம் அங்காடியில் உண்ணும்போது, உலகைச் சுற்றிவிட்டு வந்த உறவினர் ஒருவரைச் சந்திக்கிறோம் என்றால் மிகையாகாது. உணவு இப்படித்தான் ஊர் ஊராகப் போகும். உண்பவன் அதனால் தன் இனத்தை இழந்துவிடுவதில்லை.

நம் நாட்டுச் சூழலில் கடல் உணவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மலாய் நண்பர் பன்றி உண்ணமாட்டார். நம்மில் பலர் மாட்டிறைச்சியைத் தொடமாட்டோம். ஒரே மேசையில் அமர்ந்து பகிர்ந்துண்ண மீனும் இறாலும் நண்டுமே கைகொடுக்கின்றன. சமையலில் சேரும் மிரின் என்ற அரிசி மது மட்டும் இடையில் நிற்கும். வீட்டில் சமைத்தால் அதற்குப் பதிலாகச் சிறிது சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளலாம். சைவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: மீசோ சூப் பார்ப்பதற்குச் சைவம் போல் தெரிந்தாலும் பெரும்பாலும் மீன் சாற்றில்தான் தயாராகிறது. விரத நாளில் கேட்டு உறுதி செய்த பிறகு அருந்துங்கள்.

இப்போது உண்மையான கவலைக்கு வருவோம். ஜப்பானியக் கடைக்குப் போய்ப் பழகிய தமிழ் மாணவருக்கு எபி என்றால் இறால், தாக்கோ என்றால் எண்காலி, உனாகி என்றால் விலாங்கு, சாபா என்றால் ஒரு வகைக் கானாங்கெளுத்தி என்று தெரிந்துவிடுகிறது. அதே மாணவரிடம், அம்மா வாரந்தோறும் வாங்கும் கெம்போங்குக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேளுங்கள். தெங்கிரிக்கு? சியாக்காப்புக்கு? தொங்கோலுக்கு? மௌனமே பதிலாக வரும்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தமிழ்ப்பள்ளிப் பாடங்களில் நான் கற்றவை மீன், நண்டு, இறால் போன்ற பொதுப் பெயர்கள். இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாயில் வந்தன. நம் பாட்டி தாத்தா வாழ்ந்த தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரர் மலாய்ப் பெயரைக் கூவி விற்றார். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. இன்று பேரங்காடியின் விலைச்சீட்டும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. கெம்போங் என்பது கானாங்கெளுத்தி, தெங்கிரி என்பது வஞ்சிரம், சியாக்காப் என்பது கொடுவா, தொங்கோல் என்பது சூரை, பாரி என்பது திருக்கை என்று சொல்லித் தர இடமே இல்லாமல் போயிற்று. கெம்போங் என்று நாம் வாங்கும் மீன்களுள் ஒன்றின் அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிஜர் கனகுர்தா. இப்பெயரின் பின்பாதி தெலுங்குக் கடற்கரை மக்கள் அம்மீனை அழைத்த பெயர். நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய சொல். அறிவியலே கடற்கரை மக்களின் சொல்லை மதித்து ஏற்றிருக்க, நாம் அதைக் கைவிடலாமா?

இதற்கு மருந்து ஜப்பானிய உணவை வெறுப்பது அன்று. அதை வீட்டுக்குக் கொண்டு வருவதே மருந்து என்பேன். கடையில் நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. படத்தைக் காட்டுகிறோம் அல்லது திரையைத் தொடுகிறோம், தட்டு வந்துவிடுகிறது. வீட்டில் சமைத்தால் பேசியே ஆக வேண்டும். எந்த மீன், எப்படிச் செதில் எடுப்பது, குடலைக் கழுவியாயிற்றா, வயிற்றைக் கீறுவதா முதுகைக் கீறுவதா என்று அம்மாவிடமோ அறைத்தோழரிடமோ கேட்கிறோம். மொழி வாழ்வது இப்படிப்பட்ட பேச்சில்தான்.

செய்முறையும் கடினமில்லை. சாபா மீனும் கெம்போங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு கானாங்கெளுத்தியைக் கழுவி, உப்புத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். கசியும் நீரைத் துடைத்துவிட்டு இரு பக்கமும் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை வாட்டுங்கள். துருவிய முள்ளங்கியும் கஸ்தூரி எலுமிச்சையும் சேர்த்துச் சுடுசோற்றோடு உண்ணலாம். ஜப்பானியர் 'ஷியோயாகி' என்று சொல்லும் உப்பு வாட்டல் இதுதான். மசாலா தடவிப் பொரித்த மீனையே உண்டு வளர்ந்த நமக்கு, மீனின் சொந்தச் சுவையை இது அறிமுகப்படுத்தும்.

சூப்புக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. ஜப்பானிய வீடுகளில் உலர்ந்த சிறு மீன்களைக் கொண்டு 'நிபோஷி' சாறு எடுக்கிறார்கள். நம் சமையலறையில் நெத்திலி இருக்கிறதே! தலையையும் குடலையும் கிள்ளி எறிந்தால் கசப்பு இராது. அரை மணி நேரம் நீரில் ஊற வைத்து, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்து வடிகட்டினால் சாறு தயார். மரக்கட்டைபோல் காய்ந்த சூரை மீனைச் சீவிச் செய்யும் 'கத்சுவோபுஷி' சாறு இன்னொரு வகை. வேக வைத்து, புகையிட்டு, உலர்த்திய அதே சூரை, மாலைத்தீவிலிருந்து வந்து தென் தமிழகக் கடலோரத்திலும் இலங்கையிலும் 'மாசி' என்ற பெயரில் சம்பலில் விழுகிறது. ஜப்பானியப் பாட்டியும் யாழ்ப்பாணத்துப் பாட்டியும் ஒரே மீனின் அருமையை அறிந்திருக்கிறார்கள் பாருங்கள்.

அப்படியானால் சுஷிக்கும் தெம்புராவுக்கும் தமிழ்ப் பெயர் சூட்ட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் பதில். இடியாப்பத்தையும் தோசையையும் பிறர் அவற்றின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று விரும்பும் நாம், பிறர் உணவின் பெயரையும் அப்படியே ஏற்பதுதான் நேர்மை. தெம்புராவைத் தமிழ் எழுத்தில் தெம்புரா என்றே எழுதுவோம். அதற்குள் இருக்கும் கணவாயை மட்டும் கணவாய் என்று சொல்வோம்.

"சந்தையில் கானாங்கெளுத்தி என்று கேட்டால் மீன்காரருக்குப் புரியுமா?" என்ற கேள்வியும் எழும். புரியாது. அங்கே கெம்போங் என்றே கேட்டு வாங்குவோம். மூன்று மொழிகளில் பேசி வளர்ந்த நமக்கு ஒரு மீனுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொள்வது பாரமா? ஒரே மாலையில் சாபாவையும் உனாகியையும் கற்றுக்கொண்ட நாவு இதையும் கற்றுக்கொள்ளும்.

மொழிக் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பேச்சுப் போட்டியும் புதிர்ப் போட்டியும் நடத்துவதோடு, அடுத்த ஆண்டு ஒரு சமையல் மாலையையும் ஏற்பாடு செய்யுங்கள். ஆளுக்கொரு மீனை எடுத்து, விரும்பிய நாட்டு முறையில் சமைத்து, அதன் பெயரைத் தமிழில் எழுதித் தட்டின் முன் வைக்கட்டும். முன்னாள் மாணவர்களான அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் பிள்ளைகளோடு வரட்டும். ஜப்பானியக் கடைக்குப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை. உங்களையும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை வீட்டில் மீன் கழுவும்போது, அதன் தமிழ்ப் பெயரை அருகில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு முறை சொல்லிவிடுங்கள். அது போதும்.